கணிதப் பட்டத்துக்குக் கடன் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பொதுத்துறை வங்கியில் கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். அதனால் 'அப்ளைடு மேத்ஸ்' என்று பெயர் போட்ட விண்ணப்பம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே பேச்சுக் கொடுப்பேன். பையன் டேட்டா சயின்ஸ், பைத்தான் என்பான். அப்பா "வேலை கெடச்சிருமில்ல சார்?" என்பார். படிப்பு முடிந்தபின் மாதாமாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று இருவருமே கேட்க மாட்டார்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பு, கட்டணமும் விடுதியுமாக வருடத்துக்கு 2.5 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 10 லட்சம், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது என்பார்கள். தவணைதான் கிடையாது, வட்டி உண்டு. முதல் வருடம் வாங்கிய 2.5 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே போட்டாலும் 3.5 லட்சம். ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 17,840 ரூபாய்.

படிக்கும்போதும் அதற்குப்பின் அந்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் 10 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 13,215. முதல் வருடம் மாத வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம்தான். நான்காம் வருடம் எட்டாயிரத்தைத் தாண்டும். இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் சிறு சலுகையும் தருகின்றன. முடிந்தவர்கள் இதை விடக் கூடாது. மத்திய அரசின் வட்டி மானியத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள், அது பி.எஸ்சி. கணிதத்துக்குப் பொருந்துமா என்று கிளையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முழு வட்டி மானியம் தொழிற்படிப்புகளை மனதில் வைத்துப் போட்டது.

சரி, வரவுப் பக்கம். கல்லூரி வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸில் இருப்பது ஒரே ஒரு மாணவரின் சம்பளம். அதைப் பார்க்காதீர்கள். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் சமர்ப்பித்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகப் போட்டிருக்கும். அதில் ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று ஒரே வரிசையில் இருக்கும். 'இடைநிலை' என்றால் பாதிப் பேருக்கு அதற்குக் கீழே. அதுவும் வேலை கிடைத்தவர்களில் பாதி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அட்டவணை படிப்புக் காலத்தை வைத்துப் பிரித்தது, பாடத்தை வைத்து அல்ல. மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் பி.காமும் கணிதமும் ஒன்றாகக் கிடக்கும். ஆகவே துறைத் தலைவரிடம் நேரே போய், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், வேலை மட்டும் போதும். சட்டென்று சொல்ல முடியாத துறைக்கு 10 லட்சம் கொடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வருடம் 4 லட்சம் என்ற சம்பளம் பி.எஃப். எல்லாம் போய்க் கைக்கு வரும்போது முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதில் 17,840 போனால் பெங்களூரில் அறை வாடகை எங்கிருந்து வரும்? தவணை கைச்சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். வங்கி இதைவிடத் தாராளமாக இருக்கும். அதன் கவலை வேறு.

இன்னொன்று, கணிதத்துக்கு ஆய்வகம் வேண்டாம். கரும்பலகை, நல்ல ஆசிரியர், ஒரு கணினி போதும். அப்படியிருக்க வருடம் 2.5 லட்சம் எதற்கு என்று கேட்பதில் தப்பில்லை. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் நடத்தும் பி.ஸ்டாட். (புள்ளியியல்), பெங்களூரில் நடத்தும் பி.மேத். (கணிதம்) பட்டங்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. ஒழுங்காகப் படித்தால் மாத உதவித்தொகையும் தருகிறார்கள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும் பார்க்க வேண்டிய இடம். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கடினம். பிளஸ் ஒன்னிலேயே தயாராக வேண்டும்.

அது கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது உள்ளூர் அரசுக் கல்லூரி. செலவு பெரும்பாலும் பேருந்தும் புத்தகமும்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வேறு. மூன்றாம் வருடத்தில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதித் தேறினால், பட்டம் முடித்ததும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பைவிட இந்த மூன்றும் இரண்டும் எனக்குப் பிடிக்கும். நடுவில் நின்று யோசிக்க ஒரு இடம் இருக்கிறது.

அந்த எம்.எஸ்சி.க்கும் கணக்கு உண்டு. 25,000 சம்பளத்தை இரண்டு வருடம் விட்டால் 6 லட்சம். எம்.எஸ்சி.யால் மாதம் 10,000 கூடுதலாக வந்தால், அதை மீட்க ஐந்து வருடம், கட்டணம் தனி. கல்லூரி ஆசிரியர் வேலையோ ஆராய்ச்சியோ குறி என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், பெரும்பாலும் எம்.எஸ்சி. தேவைப்படும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி.

ஜாம் தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கும். மூன்றாம் வருடம் தொடங்கும்போதே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.