ஊரின் தண்ணீர்க் கணக்கை எழுதுவது எப்படி?

புதுச்சேரியில் குடிநீர்ப் பணியில் பல வருடம் இருந்தவன் நான். "நம்ம ஊருக்கு இன்னும் முப்பது வருஷத்துக்குத் தண்ணி தாங்குமா?" என்று கேட்பவர்களிடம், முதலில் கணக்கை எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். திட்டமெல்லாம் அப்புறம். வார்டு அளவில் குடியிருப்போர் சங்கமே இதைத் தொடங்கலாம்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். பத்தாயிரம் பேருக்கு 13.5 லட்சம் லிட்டர் ஆகிறது. இன்றைய ஆள் கணக்கை வைத்து நிறுத்திவிடாமல், முப்பது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் போட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு வந்து தங்குகிறவர்களையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கசிவு. புது போர் போடக் காட்டும் ஆர்வத்தை யாரும் இதில் காட்டுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். தொட்டி ஆபரேட்டரைக் கூட வைத்துக்கொண்டு ஓர் இரவு சோதியுங்கள். வீடுகளில் குழாய், சம்ப் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, தெருவுக்குப் போகும் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது? தொட்டியின் அடிப்பரப்பு 100 சதுர மீட்டராக இருந்து, மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், பத்தாயிரம் லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு!

இனி வரவு. நம் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். ஆகவே ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் பாசனத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவற்றில் தேங்குவதில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது. பெண்ணையாற்றிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைத் தூர்வாருவதும் என் கணக்கில் குடிநீர் வேலைதான்.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. அந்த ஓர் அடியை உறிஞ்சிவிட்டால் உப்பு நாற்பது அடி மேலேறப் பார்க்கும். அதனால் தெருவுக்கு ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து, கயிற்றில் எடை கட்டி மட்டத்தை அளந்து, டிடிஎஸ் மீட்டரில் உப்பையும் பார்த்து, ஒரே நோட்டில் குறித்து வாருங்கள். தை மாதமும் வைகாசி மாதமும் கட்டாயம் பாருங்கள். உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. எண் வருடா வருடம் ஏறினால், அந்தப் பகுதியில் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சராசரி மழையை நம்பித் திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தை வைத்துப் போடுங்கள். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அடுத்த ஊர் ஏரியை நம்பியும் இருக்க முடியாது. கடலூர் மாவட்டத்து வீராணம், பாசனத்தோடு சென்னைக்கும் பங்கு கொடுக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கலாம்தான், ஆனால் மின்சாரச் செலவு அதிகம். கசிவை அடைத்து, கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுத்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கடைசியாக, தட்டுப்பாட்டு விதிகள். இவற்றைக் கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்திலேயே எழுதிவிடுங்கள். கோடையில் எழுத உட்கார்ந்தால் சண்டைதான் மிஞ்சும். கிணற்று மட்டத்துக்கு மூன்று குறி வையுங்கள். மட்டம் முதல் குறிக்கு இறங்கியதும் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குழாய்த் தண்ணீர் கூடாது. இரண்டாவது குறியில் கட்டட வேலைக்கும் நிறுத்தம். மூன்றாவதில் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்ற அளவு. 2018இல் கேப் டவுனில் 50 லிட்டர் என்று வைத்தார்கள். லாரி வந்தால் குழாயின் கடைக்கோடித் தெருவில் முதலில் நிற்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.