தேவ சித்தத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட்டில் கிடைத்திருக்கும் வேலையில் சேரலாமா, பாலக்கோட்டில் இருக்கும் தக்காளித் தோட்டத்தையே பார்த்துக்கொள்ளலாமா, மகளுக்கு வந்திருக்கும் வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா, பெங்களூரா ரக மாந்தோப்பைக் குத்தகைக்கு விடலாமா அல்லது நாமே காய் பறித்து மாங்கூழ் ஆலைக்கு ஏற்றலாமா என்பன போன்ற கேள்விகள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிச் சபைகளில் ஜெப விண்ணப்பங்களாக அடிக்கடி வருகின்றன. இவற்றைத் தேவனிடத்தில் கொண்டுபோய், அவருடைய சித்தம், அதாவது விருப்பம், என்னவென்று கேட்பது விசுவாசிக்கு இயல்பானது. ஆனால் நமக்கு வேண்டியது வழிநடத்துதலா, நாளை நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் நிம்மதியா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் கேட்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகப் பெரியது, முடிவை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஜெபிப்பது. எரேமியா 42-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்தால் இது விளங்கும். எருசலேம் விழுந்து, பாபிலோனியர் அதிபதியாக நியமித்த கெதலியாவும் கொல்லப்பட்ட பிறகு, மீந்திருந்த மக்கள் எரேமியாவிடம் வந்து, நாங்கள் நடக்க வேண்டிய வழியைக் கர்த்தரிடத்தில் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் சென்றபின் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். அதைக் கேட்டவுடன் அவர்களுடைய தலைவர்கள், நீ பொய் சொல்லுகிறாய் என்று தீர்க்கதரிசியையே குற்றஞ்சாட்டிவிட்டு எகிப்துக்குப் புறப்படுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய செய்தி முந்தின அதிகாரத்தின் இறுதியில் இருக்கிறது. எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு அவர்கள் ஏற்கெனவே பெத்லகேமுக்கு அருகில் வந்து தங்கியிருந்தார்கள். பாதி வழி வந்துவிட்ட பிறகுதான் வழி கேட்டார்கள்.

நம் ஊர்களிலும் இதுவே நடக்கிறது. மனைக்கு முன்பணம் கொடுத்து, நகையை அடகு வைத்து, உறவினருக்கெல்லாம் சொல்லியும் முடித்த பிறகு, சித்தம் என்னவென்று தெரிய ஜெபியுங்கள் ஐயா என்று போதகரிடம் வருகிறவர் கேட்பது ஆசீர்வாதத்தையே. அப்படியே வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டாலாவது நேர்மையாயிருக்கும். வேண்டாம் என்ற பதில் வந்தால் என்ன செய்வேன் என்று ஜெபத்துக்கு முன்பே யோசித்துப் பார்ப்பவருக்கும், அந்தப் பதிலை ஏற்கத் தன் மனதில் இடம் இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்ப்பவருக்கும் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அடையாளம் கேட்பது. இன்று மாலைக்குள் தொலைபேசி அழைப்பு வந்தால் இந்த வேலை உமது சித்தம் என்று எடுத்துக்கொள்வேன் என்று நிபந்தனை வைப்பவர்கள் கிதியோனின் ஆட்டுத்தோலை ஆதாரமாகக் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலை மீட்கும்படி கிதியோனுக்குக் கட்டளை முன்பே தெளிவாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நீர் சொன்னபடி என்று அவனே ஒப்புக்கொண்டுதான், பனி அதன்மேல் மட்டும் பெய்ய வேண்டும் என்று அடையாளம் கேட்டுத் தோலைக் களத்தில் போடுகிறான். அவன் பயந்திருந்தான், தேவன் அவனுடைய பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை எல்லோருக்குமான முறையாக வேதம் எங்கும் விதிக்கவில்லை. பூக்கட்டிப் பார்ப்பதையும் பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதையும் விட்டு வந்த குடும்பங்களில், அதே பழக்கம் வேத வசனத்தின் உருவில் திரும்ப நுழைவதைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் சில வீடுகளில் இப்படிப் பயன்படுகிறது. ஆண்டு முழுவதும் தியானிக்க ஒரு வசனம் கிடைப்பது நல்லது. ஆனால் அட்டையில், தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவையே என்று சொல்லும் எரேமியா 29:11 வந்ததால் இந்த ஆண்டு கடன் வாங்கி வீடு கட்டலாம் என்று முடிவு செய்வது வேறு காரியம். அந்த வசனம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று காலத்தைக் குறிப்பிடுகிறது. அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைத் தாங்களே காண முடியாது.

மூன்றாவதாக, கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று இன்னொருவர் கொண்டுவரும் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்வது. 1 இராஜாக்கள் 13-இல், கிழவனான ஒரு தீர்க்கதரிசி, தேவதூதன் தன்னோடு பேசினதாகப் பொய் சொல்லி, தேவனுடைய மனுஷனைத் தன் வீட்டுக்குத் திருப்பி அழைக்கிறான். அந்த ஊரில் புசிக்கவும் குடிக்கவும் கூடாதென்று நேரடியாகக் கட்டளை பெற்றிருந்தவர் அதை நம்பிப்போய், வழியில் சிங்கத்தால் மாண்டுபோகிறார். திருமணக் காரியத்திலும் பணக் காரியத்திலும் இப்படிப்பட்ட வார்த்தைகள் வரும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரமே அடுத்த வசனத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. சோதித்துப் பார்ப்பதை அவிசுவாசம் என்று யாராவது கடிந்துகொண்டால், அவருடைய வார்த்தையை இன்னும் அதிகமாகவே சோதிக்க வேண்டும்.

விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் ஜெபத்தின் மேல் பாரத்தைப் போடுவதும் தவறுதான். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்க்க வேண்டும். கடினப் பாறையுள்ள நம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், அக்கம்பக்கத்துக் கிணறுகள் எத்தனை அடியில் தண்ணீர் கண்டன, எத்தனை வறண்டு போயின என்று கேட்டறிந்து, முடிந்தால் நிலத்தடி நீர் ஆய்வும் செய்துகொள்ள வேண்டும். வரனைப் பற்றி விசாரிப்பது சந்தேகப்படுவது ஆகாது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதுகிறார். கேட்கச் சொல்லப்பட்டது ஞானம். அது காகிதங்களை வாசிக்கும்போதும், அனுபவமுள்ள மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்கும்போதும் வரலாம். அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சபையார் நீண்ட விவாதத்துக்குப் பிறகே, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள். விவாதம் நடந்ததால் ஆவியானவரின் வழிநடத்துதல் குறைந்துபோனதாக அவர்கள் எண்ணவில்லை.

தெரியாத சித்தத்தைத் தேடிக்கொண்டே தெரிந்த சித்தத்தைத் தள்ளிப்போடுவதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோப்பை விரிவாக்கலாமா என்று மூன்று நாள் உபவாசம் இருக்கும் ஒருவர், காய் பறித்தவர்களின் கூலியை நிறுத்தி வைத்திருந்தால், நிறுத்தி வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் யாக்கோபு 5:4 அவருக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

கடைசியாக, விளைவைக் கொண்டு வழிநடத்துதலை அளப்பது. வாசல் திறந்தால் அது தேவனுடையது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடிய யோனாவுக்கும் யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது. மறுபக்கம், தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குப் போன பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். நம் கிருஷ்ணகிரியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜெர்மனியின் லீப்சிக் மிஷனோடு உபதேசக் காரியத்தில் கருத்து வேறுபட்டு விலகிய தியோடர் நேதர், அமெரிக்க மிசௌரி லுத்தரன் சபையின் மிஷனரியாக 1895-இல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார். 1904-இல் பிளேக் நோய் அவரைக் கொண்டுபோனது. அவர் ஊரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று அந்த மரணத்தைக் கொண்டு யாராவது தீர்ப்பளித்தால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆனால் நம் தோட்டத்துத் தக்காளி விலை சரிந்த வாரத்தில், அதே தீர்ப்பை நம்மேல் நாமே எழுதிக்கொள்கிறோம். ராயக்கோட்டைச் சந்தைக்கு எல்லாத் தோட்டத்துக் காயும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் விலை விழும், அது ஜெபித்து நட்டவருக்கும் ஜெபிக்காமல் நட்டவருக்கும் ஒன்றாகவே விழும். தேவ சித்தத்தைத் தவறவிட்டேனோ என்று இரவெல்லாம் புலம்புவதைவிட, அடுத்த பட்டத்தில் எதை எவ்வளவு நடுவது என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, வீட்டாரோடு பேசி, அதையும் ஜெபத்தில் வைத்துத் தீர்மானிக்கலாம்.