எஸ்.பி. ரோட்டில் கிடைத்த இரட்டை விளக்குக் கருவி

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் விற்கும் அண்ணாச்சி ஒருவர், "ஏதோ டெஸ்டர் தம்பி, எதுக்குன்னுதான் தெரியல" என்று ஒன்றை நீட்டினார். தடித்த பேனா போன்ற உடல், ஊசி முனை, நீண்ட வயர்கள், இரண்டு குட்டி விளக்குகள். சர்க்யூட்டில் தொட்ட இடத்தில் வோல்டேஜ் உயர்வா தாழ்வா என்று விளக்கால் காட்டும் லாஜிக் ப்ரோப் என்பது பார்த்ததுமே தெரிந்தது. எந்த மெஷினுக்கு உரியது என்பதுதான் கேள்வி.

ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்ததும் எழுத்துகள் தெளிந்தன. விளக்குகளின் பக்கத்தில் 'அப்', 'டவுன்'. சாதாரண ப்ரோபில் 'ஹை', 'லோ' என்றுதான் இருக்கும். அப், டவுன் என்பதெல்லாம் ஐபிஎம் சர்வீஸ்காரர்கள் பாஷை. ஸ்விட்ச் ஓரமாக 'எம்எஸ்டி' என்று இருந்ததும் சந்தேகமே தீர்ந்தது. 1970-ல் அறிவித்த சிஸ்டம்/370 என்ற பெரிய கம்ப்யூட்டர் வரிசையில் ஐபிஎம் பயன்படுத்திய சர்க்யூட் வகை அது. 1964-ல் வந்த சிஸ்டம்/360-ல் பெரும்பாலும் எஸ்எல்டி என்ற முந்தைய சர்க்யூட் வகைதான். எம்எஸ்டியிலேயே வகைக்கு வகை வோல்டேஜ் மாறும், அதற்குத்தான் அந்த ஸ்விட்ச்.

1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது அதன் மெஷின்களின் பராமரிப்பு அப்போது அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சி கைக்குப் போனது. அங்கிருந்து எத்தனை கை மாறியதோ!

சரி, வயர்களை மல்டிமீட்டரில் பார்த்தேன், ஷார்ட் இல்லை. துருப்பிடித்த கிளிப்பை மாற்றிவிட்டேன். சரியான வோல்டேஜ் உறுதியாகும்வரை பவர் கொடுக்கப்போவதில்லை.