ஜப்பானைத் தாண்டாத கேம்களை ஆடுவது எப்படி?

‘மதர் 3’ 2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வெளியானது. அதன் நாயகன் லூக்காஸை 2008இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்’ என்ற சண்டை கேம் உலகம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. ஆனால் அவனுடைய கதையைச் சொல்லும் கேம் மட்டும் இன்றுவரை அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வரவில்லை. ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கதையை வீட்டிலேயே பூட்டி வைத்த இந்தக் கூத்தை நினைத்து எரிச்சலடையாத ரசிகர்கள் குறைவு. அந்த எரிச்சலோடு நின்றுவிடாமல், கேமை எப்படியாவது ஆடியே தீர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

‘வெளிவரவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தடைகள் ஒளிந்திருக்கின்றன: உள்ளூரில் விற்பனைக்கு இல்லாதது, நம்மிடம் உள்ள கருவி ஏற்க மறுப்பது, மொழி புரியாதது. நாம் விரும்பும் கேமை மறிப்பது இவற்றில் எது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

எனவே, அந்த கேம் உண்மையிலேயே வரவில்லையா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். 1995இல் வந்த ‘செய்கென் டென்செட்சு 3’ இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், ‘டிரையல்ஸ் ஆஃப் மானா’ என்ற வேறு பெயரில் ஆங்கிலம் பேசியது. பழைய பெயரில் மட்டும் தேடுபவருக்கு இது கண்ணில் படாமலே போகலாம். 1994இன் ‘லைவ் எ லைவ்’ 2022இல் புதுப்பிக்கப்பட்டு உலகெங்கும் வந்தது. இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைக்கு வராத சில கேம்களுக்குத் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கென்றே ஆங்கிலப் பதிப்பு அச்சாகிறது. ‘சூப்பர் ரோபோ வார்ஸ்’ வரிசையில் 2017இன் ‘வி’, 2018இன் ‘எக்ஸ்’, 2019இன் ‘டி’ ஆகிய மூன்றும் இப்படித்தான் ஆங்கிலத்தில் கிடைத்தன. பல அனிமே தொடர்களின் ரோபோக்கள் ஒரே கேமில் மோதும் வரிசை அது. ஒவ்வொரு தொடருக்கும் ஒவ்வொரு நாட்டிலும் உரிமையாளர் வேறாக இருப்பது இத்தகைய கேம்களின் பயணத்தைச் சிக்கலாக்கிவிடுகிறது.

அடுத்தது ரீஜன் லாக் எனப்படும் வட்டாரப் பூட்டு. கேம் பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ், பிளேஸ்டேஷன் (பிஎஸ்) குடும்பத்தின் பிஎஸ்பி, பிஎஸ் வீட்டா, பிஎஸ்4, பிஎஸ்5, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றில் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜோ டிஸ்க்கோ பொதுவாகத் தடையின்றி ஓடும். பிஎஸ்1, பிஎஸ்2, நின்டெண்டோவின் வீ, வீ யு, 3டிஎஸ் ஆகியவை பூட்டுடையவை. இவற்றுக்கு ஜப்பானியக் கருவியையே வாங்க வேண்டியிருக்கும். டிஎஸ் குடும்பத்திலும் டிஎஸ்ஐ கருவிக்கென்றே செய்யப்பட்ட கேம்களுக்குப் பூட்டு உண்டு. பழைய கருவிகளை வாங்குவோர் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும்: ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். அடாப்டரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. வெறும் ‘100’ என்றிருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகவே கூடாது.

ஸ்விட்ச் 2 விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2025 ஜூன் 5 அன்று ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்த மலிவுப் பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். நாடு ஜப்பான் என்று பதிவான கணக்கைத் தவிர வேறு கணக்கை ஏற்காது. பன்மொழிப் பதிப்பின் விலை அப்போது 69,980 யென். விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்கி, ஊருக்குத் திரும்பும் நண்பரிடம் சொல்லி மலிவானதை வாங்கிவரச் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

டிஜிட்டலாக வாங்குவதென்றால் ஜப்பானை நாடாகக் கொண்ட தனிக் கணக்கு ஒன்று தேவை. பிளேஸ்டேஷனில் கணக்கின் நாட்டைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால் இருக்கும் கணக்கோடு விளையாடாமல் புதிதாகத் தொடங்குவதே முறை. பணம் கட்டும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: நின்டெண்டோவின் ஜப்பானியக் கடை 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டுக் கடன் அட்டைகளை ஏற்பதில்லை. யென் மதிப்புள்ள ப்ரீபெய்டு கார்டு வாங்கி அதன் எண்ணைப் பதிவதே மிச்சமுள்ள வழி. கூடுதல் உள்ளடக்கம் வாங்கும்போது டிஸ்க்கின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆசியப் பதிப்பு டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஜப்பான் கடையில் வாங்கியது கேமுக்குள் தெரியாது.

பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு ஜப்பானின் பயன்படுத்திய பொருள் சந்தையைப் போல வேறெங்கும் கிடைப்பது அரிது. மண்டரகே போன்ற கடைகள் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. அனுப்பாத கடைகளுக்கு, நம் பெயரில் அங்கேயே வாங்கித் தங்கள் கிடங்கில் சேர்த்து அனுப்பும் ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகர்கள் உண்டு. பொருளின் விலையோடு உள்நாட்டு அஞ்சல், தரகு, வெளிநாட்டு அஞ்சல், நம் ஊர்ச் சுங்க வரி என நான்கையும் கூட்டிப் பார்த்தபின் பொத்தானை அழுத்துவது நல்லது. 800 யென் கார்ட்ரிட்ஜுக்கு அஞ்சல் செலவு அதைவிடப் பல மடங்கு ஆவதுண்டு என்பதால் நான்கைந்தைச் சேர்த்து வரவழைப்பதே கட்டுப்படியாகும். விளம்பரத்தில் ‘ஹகோசெட்சு’ என்றால் பெட்டியும் கையேடும் உள்ளன என்று பொருள். ‘ஜங்க்’ என்றால் ஓடுமா என்பதற்கு உறுதி இல்லை, குறைகூற வழியும் இல்லை. ‘மதர் 3’ ஆங்கிலக் கார்ட்ரிட்ஜ் என்று யாராவது விற்றால் அது போலி. அப்படியொன்று தயாரிக்கப்படவே இல்லை.

மொழித் தடைதான் பலரை முதல் படியிலேயே திரும்பச் செய்கிறது. ஆனால் எல்லா கேமும் ஒரே அளவு ஜப்பானியத்தைக் கேட்பதில்லை. 2005இன் ‘ஓசு! டட்டகாயே! ஒவெண்டான்’, 2006இன் ‘ரிதம் டெங்கோக்கு’ போன்ற தாள கேம்களைக் காதை வைத்தே ஆடிவிடலாம். மெனுவைப் படிக்க வேண்டிய கேம்களுக்கு ஹிரகானா, கட்டகானா என்னும் இரண்டு எழுத்து வரிசைகள் பெரிதும் உதவும்; ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். 247 எழுத்து கற்ற நமக்கு இது மலைப்பான எண்ணிக்கையல்ல. தமிழரின் கைக்கு வாகான இன்னொன்றும் உண்டு: தொடக்கத் திரையில் வரும் ‘ஹஜிமேகரா’ என்பதில் ‘ஹஜிமே’ தொடக்கம், ‘கரா’ நம் ‘இலிருந்து’. அதன் கீழே இருக்கும் ‘ட்சுசுகிகரா’ தொடர்ச்சியிலிருந்து. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டிக்கொள்வதும் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கமானவைதாம்.

இந்த இரண்டு சொற்களையும் நான் கற்ற விதம் மறக்க முடியாதது. முதல் வாரத்தில், வழக்கம்போல மேலே இருந்ததையே அழுத்தி, அடுத்து வந்த கேள்விக்கும் யோசிக்காமல் ‘ஹை’ சொல்லி, பதினொரு மணி நேரம் ஆடிச் சேமித்ததை அழித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: இரண்டெழுத்து ‘ஹை’ என்றால் ஆம், மூன்றெழுத்து ‘ஈயே’ என்றால் இல்லை, சந்தேகம் வந்தால் மூன்றெழுத்து. பழைய பிளேஸ்டேஷன் கேம்களில் பொத்தானும் மாறியிருக்கும். ஜப்பானியத் தேர்வுத் தாளில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். அந்த வழக்கப்படி வட்டம் ஒப்புதல், பெருக்கல் குறி மறுப்பு. 2020இல் பிஎஸ்5 வந்தபோதுதான் ஜப்பானிலும் பெருக்கல் குறி ஒப்புதலானது. கைப்பேசியின் கேமரா மொழிபெயர்ப்பு தெளிவான எழுத்தில் ஓரளவு உதவும். பழைய கேம்களின் புள்ளி எழுத்துகளைக் கண்டால் உளறும்.

உரையாடலே உயிராக இருக்கும் கேம்களுக்கு ரசிகர் மொழிபெயர்ப்பு பெரும் துணை. ‘மதர் 3’ இன் ஆங்கில ஒட்டு (பேட்ச்) 2008 அக்டோபரில் வெளியானது. இன்றும் அதுவே ஆங்கிலத்தில் அதை ஆடும் வழி. 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் ஜப்பானியச் சந்தாச் சேவையில் அந்த கேமைச் சேர்த்தபோதும் ஜப்பானிய மொழியில் மட்டுமே தந்தது. ஒட்டுக் கோப்பில் கேம் இருக்காது, மாற்ற வேண்டிய பகுதிகள் மட்டுமே இருக்கும். அதைச் சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த பிரதியின் மீது பொருத்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் ஒட்டில் குறையிருக்காது. பிரதியின் பதிப்பெண் வேறாக இருக்கும். கேம் கோப்பையே இணையத்தில் பகிர்வது பதிப்புரிமை மீறல் என்பதையும் மனத்தில் கொள்க.

காத்திருப்பதும் ஒரு வழிதான். 2015இலும் 2017இலும் பூட்டுடைய 3டிஎஸ்ஸில் வந்து ஏங்கவைத்த ‘கிரேட் ஏஸ் அட்டர்னி’ கேம்கள் இரண்டும் 2021 ஜூலையில் ஒரே தொகுப்பாக ஆங்கிலத்தில் வந்தன. அவற்றுக்காகவே ஜப்பானிய 3டிஎஸ் வாங்கியவர்களின் முகத்தை எண்ணிப் பார்க்கலாம். 2011இல் ‘ஆபரேஷன் ரெயின்ஃபால்’ என்ற பெயரில் வட அமெரிக்க ரசிகர்கள் மூன்று வீ கேம்களுக்காகக் குரல் எழுப்பினர். 2012க்கும் 2013க்கும் இடையில் மூன்றும் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால் வந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. 1990இன் முதல் ‘ஃபயர் எம்பளம்’ முப்பது ஆண்டுகள் கழித்து 2020 டிசம்பரில் ஆங்கிலத்தில் ஸ்விட்ச் கடைக்கு வந்தது. 2021 மார்ச் 31உடன் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.