திரவச் சவ்வால் கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத் தினமும் பார்த்தபடி வரும் வடசென்னை மாணவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் திரவச் சவ்வைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. நுண்துளைத் தாளில் திரவத்தை ஊறவைத்து வாயுக் கலவையைச் செலுத்தினால் போதும் என்று தோன்றும். அந்தத் தாளைச் சல்லடையாக எண்ணுவதே முதல் தவறு. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் விட்டம் 0.33 நானோமீட்டர், நைட்ரஜனுக்கு 0.364, தாளின் துளையோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. பிரிப்பதெல்லாம் துளைக்குள் நிற்கும் திரவம்தான். அதில் கூடுதலாகக் கரையும் வாயு கூடுதலாகக் கடக்கிறது.

ஆகவே திரவம் துளையை விட்டு வெளியேறாமல் காப்பதே பாதி வேலை. நீரால் முழுதும் நனைந்த 0.2 மைக்ரோமீட்டர் துளையிலிருந்து நீரைத் தள்ள ஏறத்தாழ 14 பார் அழுத்த வேறுபாடு தேவை. 1 மைக்ரோமீட்டர் துளைக்கு 3 பார்கூட வேண்டாம். தாளின் உறையில் குறித்திருக்கும் துளை அளவை மட்டும் நம்பி அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, ஏனெனில் முதலில் திறந்துகொள்வது தாளிலேயே ஆகப் பெரிய துளை.

நான் அதிகம் கண்ட தவறு, சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த வாயுவை அப்படியே செலுத்துவது. எங்கள் ஆய்வகத்தில் பொட்டாசியம் கார்பனேட் கரைசல் ஊறிய தாளில் ஒருநாள் ஓட்டம் திடீரெனப் பல மடங்கு கூடியது. சவ்வு நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தோம். கலத்தைத் திறந்தால், காசிமேட்டுக் கடலோர வீட்டுச் சுவரைப் போலத் தாள் முழுதும் உப்புப் பூத்திருந்தது. நீர் ஆவியாகிவிட, எல்லா வாயுக்களும் வெறும் துளை வழியே போய்க்கொண்டிருந்தன. (வெளியே கடற்காற்றின் புழுக்கத்தில் சட்டை நனைந்துகொண்டிருந்தது.) சவ்வின் இருபுறமும் செல்லும் வாயுவை நீர்க்குடுவை வழியே ஈரமாக்கி அனுப்புவது இதைத் தடுக்கும். நைட்ரஜன் ஓட்டத்தைத் தனியே கவனித்து வந்தால், அது கூடியதுமே துளை வெறுமையானது தெரிந்துவிடும். கரைசலுக்குப் பதிலாகப் பயன்படும் அயனித் திரவங்கள் (சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகள்) ஏறக்குறைய ஆவியாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி கொண்ட சில அயனித் திரவங்கள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியதும் கெட்டியாகிவிடும், ஓட்டமும் குறைந்துவிடும்.

தூய வாயுக்களைத் தனித்தனியே அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் எண்ணையே பிரிதிறன் (கலவையில் ஒரு வாயுவை மற்றொன்றைவிட எத்தனை மடங்கு எளிதாகச் சவ்வு கடத்துகிறது என்ற அளவு) என்று எழுதுவதும் பொருந்தாது. கார்பனேட் கரைசலில் கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட்டாகச் சுமந்து செல்லும் வேதிவினை உண்டு. 1967-இல் வார்டு, ராப் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய வழி இது. கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்) ஏற ஏற, அதைச் சுமக்கும் கார்பனேட் நிறைந்துபோய், பிரிதிறன் இறங்கும். நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு மட்டுமே என்பதால் அந்த அளவில்தான் சோதிக்க வேண்டும். அதே புகையில் வரும் சல்பர் டை ஆக்சைடோ கார்பனேட்டைச் சல்பைட்டாக மாற்றிவிடுகிறது. அதைச் சவ்வுக்கு முன்பே நீக்காவிட்டால் ஈரமும் அழுத்தமும் சரியாக இருந்தும் சவ்வு மெல்லச் செயலிழக்கும்.