மேயரின் பெயர் ஊரறியும்: ரெயூனியன் தீவில் ஜனாதிபதி வேட்பாளருக்குக் கையெழுத்துத் திரட்டுவது எப்படி

வேட்பாளர் மேடையில் எவ்வளவு முழங்கினாலும், பதவியில் இருக்கும் மக்கள் பிரதிநிதிகள் 500 பேர் முன்மொழியாவிட்டால் வாக்குச் சாவடி மேசையில் அவர் பெயர்ச் சீட்டு இருக்காது. பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் முதல் வாசல் இதுதான். இந்தக் கையெழுத்து முன்மொழிவைப் பேச்சில் எல்லோரும் 'பரெனாஜ்' என்பார்கள். தொடக்கத்தில் 100 பேர் போதும் என்றிருந்தது. 1974இல் 12 பேர் களத்தில் இறங்கியதைப் பார்த்து, 1976இல் அதை 500 ஆக்கினார்கள். அந்த 500 பேரும் குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்தோ கடல்கடந்த பகுதிகளிலிருந்தோ வர வேண்டும். ஒரே மாவட்டத்திலிருந்து 50 வரைதான் கணக்கில் சேரும்.

2027 தேர்தலுக்காக, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் ஒரு வேட்பாளருக்கு வேலை செய்யப்போகிற உள்ளூர்க் குழுவுக்கு, அதிலும் சாந்தாந்திரே, சேந்த்-சுசான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து முதல்முறை அரசியலுக்கு வருகிறவர்களுக்கு, இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் வேட்பாளரைவிடக் கூடுதல் துணிச்சல் தேவைப்படுவது கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான். 2012 தேர்தல் வரை ஒவ்வொரு வேட்பாளருக்கும் 500 பெயர்களை மட்டும் குலுக்கலில் எடுத்து வெளியிட்டார்கள். பெரிய கட்சி வேட்பாளருக்குக் கையெழுத்துப் போட்டவர் மூவாயிரம் பேருக்குள் மறைந்துகொள்ளலாம். 520 கையெழுத்தோடு தட்டுத்தடுமாறி வந்த சிறிய வேட்பாளரின் ஆட்களோ ஏறக்குறைய அத்தனை பேரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, செல்லுபடியான ஒவ்வொரு பெயரும், பதவியும் ஊரும் சேர்த்து, அரசியலமைப்பு மன்றத்தின் இணையதளத்தில் வாரம் இரண்டு முறை ஏறுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவர்கள் நாடு முழுவதும் சுமார் 42,000 பேர்; 2017இல் செல்லுபடியானவை 14,296, 2022இல் 13,427. மூன்றில் இரண்டு பங்குப் பேர் பேனாவையே எடுக்கவில்லை. சோம்பேறித்தனம் கொஞ்சம் இருக்கலாம். பெரும்பகுதி பயம்தான், அதைக் குறை சொல்லவும் முடியாது.

தீவில் யாரிடம் போகலாம்

24 மேயர்கள், மாவட்ட மன்றத்தில் 50 பேர், பிராந்திய மன்றத்தில் 45 பேர், 7 தெப்யுத்தே (தேசிய சபை உறுப்பினர்கள்), 4 செனட்டர்கள். ஐந்து நகரக் கூட்டமைப்புகளின் தலைவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களில் பலர் ஏற்கெனவே மேலே சொன்ன கணக்கில் இருப்பார்கள். ஒருவரே மேயராகவும் மாவட்ட மன்ற உறுப்பினராகவும் இருக்கலாம் என்பதால் தலைகளை எண்ணினால் 130க்குக் கீழே வரும். இரண்டு பதவி இருந்தாலும் ஒரு கையெழுத்துத்தான்.

புதுக் குழுக்கள் வழுக்கி விழும் இடம் இது: துணை மேயருக்கும் நகர மன்ற உறுப்பினருக்கும் இந்த உரிமை கிடையாது. "நம்ம ஆளு மேரியில அஜுவேன், அவர் போட்டுக் கொடுப்பார்" (மேரி என்றால் நகராட்சி அலுவலகம், அஜுவேன் என்றால் துணை மேயர்) என்று பட்டியலில் பத்துப் பெயர் எழுதி, கடைசி வாரத்தில் பத்தும் பூஜ்யமான குழுக்கள் உண்டு. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தப் பதவியின் பேரில் கையெழுத்து என்று எழுதும் பழக்கம் வந்தால் இந்தத் தவறு வராது.

பெருநாட்டில், அதாவது ஐரோப்பியப் பிரான்சில், ஏறக்குறைய 35,000 கம்யூன்கள் (மேயர் உள்ள ஊர் நிர்வாகங்கள்). அங்கே சின்னக் கட்சிக்காரர்கள் 200 பேர் வாழும் கிராமங்களுக்குக் காரில் போய், மேயரை அவர் மாட்டுக் கொட்டகையிலேயே பிடிப்பார்கள். இங்கே அந்த வழி எடுபடாது. நம் தீவின் மிகச் சிறிய கம்யூனிலேயே சுமார் 5,000 பேர். மேயருக்கு அலுவலக இயக்குநர், செயலாளர், எதிர்க்குழு எல்லாம் உண்டு. சந்திப்புக்கு எழுத்தில் நேரம் கேட்க வேண்டும், காரணத்தையும் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். சாலைப் பள்ளத்தைப் பற்றிப் பேச வருவதாகச் சொல்லி உள்ளே போய்ப் படிவத்தை எடுத்தால், அந்தக் கதவு அடுத்த தேர்தலுக்கும் மூடிவிடும்.

யாருக்கு எவ்வளவு பயம் என்பதைத் தேர்தல் நாட்காட்டியே ஓரளவு சொல்லும். நகராட்சித் தேர்தல் 2026 மார்ச்சில் என்பதால், 2027 தொடக்கத்தில் மேயர்களுக்கு நீண்ட பதவிக்காலம் மிச்சம் இருக்கும். வாக்காளர் மறக்க நேரம் உண்டு. மாவட்ட, பிராந்திய மன்றங்களின் காலம் 2028 மார்ச்சில் முடிகிறது. அந்த உறுப்பினர்கள் கையெழுத்துப் போடும் மாதத்திலேயே அடுத்த பட்டியல் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கும். பிராந்திய மன்றத்தில் பட்டியல் தலைவரின் சொல்தான் சட்டம். அவரைத் தாண்டி ஓர் உறுப்பினரிடம் போனால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். மாவட்ட மன்றத்தில் ஆணும் பெண்ணுமாக இருவர் ஜோடியாக ஒரு கந்தோனில் (தொகுதியில்) ஜெயித்து வருகிறார்கள், கொஞ்சம் சுதந்திரம் அதிகம். எங்கள் கணிப்பில், எந்தக் கட்சி அட்டையும் இல்லாத கந்தோன் உறுப்பினரிடம்தான் முதலில் போக வேண்டும். பெரிய நகர மேயர்கள் கடைசி.

பேசும் விதம்

இரண்டு பேர் போங்கள், மூன்றாமவர் வேண்டாம். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேச்சைத் தொடங்கலாம். படிவம் பற்றிப் பேசும்போது பிரெஞ்சுக்கு மாறுவது மரியாதை. "மெஸ்யே லெ மேர், எங்கள் வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்லி வரவில்லை. அவர் பெயர் வாக்காளர் முன் வைக்கப்பட வேண்டுமா என்று மட்டும் கேட்க வந்தோம்." இந்த வேறுபாடுதான் உங்கள் மூலதனம். 2022இல் மக்ரோனின் கூட்டாளியும் போ நகர மேயருமான பிரான்சுவா பைரூ, கொள்கையில் முற்றிலும் எதிரியான மரின் லெ பென்னுக்குக் கையெழுத்துப் போட்டார். கோடிக்கணக்கானோர் ஆதரிக்கும் ஒருவர் போட்டிக்கு வெளியே நிற்பது ஜனநாயகத்துக்கு ஆகாது என்பது அவர் வாதம். அவர் செய்தது சரியா தவறா என்று மேயரோடு விவாதிக்க வேண்டாம். முன்மொழிவது ஆதரவு ஆகாது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அது, அவ்வளவுதான்.

அவர் பயத்தை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பிராந்தியமோ மாவட்டமோ தரும் மானியம், தன் மன்றத்திலேயே உள்ள கூட்டணி, அல்லது "ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என்ன சொல்வார்கள்" என்பது. மானியம் பற்றிய பயத்துக்கு உங்களிடம் பதில் இல்லை, இருப்பதாக நடிக்காதீர்கள். கூட்டணிப் பயம் என்றால், மேயர் தன் துணை மேயர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். இணையதளத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவர்களைப் புண்படுத்தும். சந்தைப் பேச்சுக்கு மருந்து மூன்று வரி அறிக்கை. அதைப் பற்றிக் கீழே.

"பார்க்கலாம்" என்றால் இல்லை என்று பொருள். "போடுகிறேன்" என்றால் பாதி. எந்த நாளில், எந்த வழியில் அனுப்புகிறார் என்று சொன்னால்தான் பட்டியலில் ஏற்றுங்கள். வாய்வார்த்தை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. இரண்டில் ஒன்று உதிரும் என்றே தலைமைக்குக் கணக்குக் கொடுங்கள். 2002இல் ஒருமுறை போட்டியிட்ட கிறிஸ்தியான் தொபிரா, 2022இல் முன்னாள் நீதி அமைச்சர் என்ற பெயரோடு வந்தும் 274இல் நின்றுவிட்டார். அதே ஆண்டு பிலிப் பூத்தூ, பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமல் 596 திரட்டினார். பல மாதம் முன்பே வண்டியை எடுத்ததுதான் வித்தியாசம்.

படிவம்

வாக்காளர்களை அழைக்கும் அரசாணை வெளியான பிறகு பிரெஃபெக்தூர் (அரசுப் பிரதிநிதியின் அலுவலகம்) ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அதிகாரபூர்வ படிவத்தையும் உறையையும் அனுப்பும். உங்கள் குழுவிடம் படிவம் இருக்காது, இருக்கவும் கூடாது. நகல் எடுத்த தாள் செல்லாது. பெரிய எழுத்தில் தெளிவாக வேட்பாளரின் பெயர், கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், எந்தப் பதவி என்பது, கடைசியில் சொந்தக் கையெழுத்து. மேயர் என்ற முறையில் போட்டால் மேரியின் முத்திரை கட்டாயம். அடிக்கடி விடுபடுவது இந்த முத்திரைதான்: மேயர் சனிக்கிழமை வீட்டிலிருந்து கையெழுத்துப் போடுவார், முத்திரையோ அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆகவே வேலை நாளில், மேரியிலேயே உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். வேட்பாளரின் பெயரைச் சரியாக எழுதிய சிறு அட்டை ஒன்றை விட்டுவிட்டு வாருங்கள்.

அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது, வேறு பெயருக்கு மாற்றவும் முடியாது. இதை மேயரிடம் மறைத்தால் அது ஏமாற்று.

முன்பெல்லாம் கட்சிக்காரர்களே படிவங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்துப் பாரிசில் இறக்குவார்கள், கேமராக்கள் சூழும். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையெழுத்துப் போட்டவரே தன் படிவத்தை அஞ்சலில் அனுப்ப வேண்டும். கடல்கடந்த பகுதியினருக்கு மட்டும் ஒரு வசதி: அரசுப் பிரதிநிதியிடம், அதாவது பிரெஃபெக்தூரில் கொடுத்து ரசீது வாங்கலாம், பாரிசுக்கு விரைவாகச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ரெயூனியனில் இந்த வழியையே வற்புறுத்துங்கள். சேன்-பியேர், சேன்-பெனுவா, சேன்-போல் துணை அலுவலகங்களிலும் வாங்குகிறார்களா என்பதை அந்த ஆண்டே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது மேயரிடம் இருக்கட்டும். தேதியை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள்: முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமை, மாலை 6 மணி. 2022இல் முதல் சுற்று ஏப்ரல் 10, கடைசி நாள் மார்ச் 4. நம் கடிகாரம் அந்த மாதங்களில் பாரிசைவிட மூன்று மணி நேரம் முன்னால் ஓடும். பாரிஸ் நேரம் பார்த்து நடப்பவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

இந்தக் காலம் முழுவதும் புயல் பருவம் என்பதைப் பாரிஸ் தலைமையகம் ஒருபோதும் நினைவில் வைக்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் கையெழுத்து நடந்துகொண்டிருக்கும்போதே பத்சிராய், எம்னாத்தி என இரண்டு புயல்கள் தீவை ஒட்டிப் போயின. சிவப்பு எச்சரிக்கை என்றால் வீட்டை விட்டு யாரும் வெளியேறக் கூடாது. அது நீங்கிய பிறகும் 400 வளைவுள்ள சிலாவோஸ் சாலையும் சலாசி சாலையும் மண்சரிவால் நாள்கணக்கில் மூடலாம். மலைக் கம்யூன் பிரதிநிதிகளை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசிப் பத்து நாளுக்குக் கடற்கரை ஊர்களை மட்டும் மிச்சம் வையுங்கள்.

கோயில், சங்கம், பணம்

தைப்பூசக் காவடியும் கையெழுத்துக் காலத்துக்குச் சற்று முன்னோ அதை ஒட்டியோ வரும். மேயர் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பார், கைக்கெட்டும் தூரம். அங்கே இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வழிபாட்டு இடத்தில் அரசியல் கூட்டத்தை 1905 சட்டம் தடுக்கிறது; அதைவிட, அடுத்த ஆண்டுப் பந்தலுக்கு மேரியிடம் மானியம் கேட்கும் கோயில் சங்கத்தின் தலைவரே ஜனாதிபதி வேட்பாளரின் தூதராகவும் வந்தால், இரண்டு கோரிக்கையும் ஒன்றையொன்று கறைப்படுத்தும். சங்கப் பொறுப்பில் இருப்பவர் இந்த வேலைக்கு வர விரும்பினால், சந்திப்புகளுக்குப் போகாமல் பட்டியல், தொலைபேசி, ரசீதுத் தேதி பார்த்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துக்குப் பதிலாக எதுவும் கிடையாது: பணமில்லை, விருந்தில்லை, பதவி வாக்குறுதியும் இல்லை. 2007இல் நார்மண்டியில் ஒரு மேயர் தன் கையெழுத்தை ஏலம் விட்டு நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது.

பெயர் வெளியாகும் நாள்

2022இல் செவ்வாயும் வியாழனும் பட்டியல் வந்தது. உங்கள் மேயரின் பெயர் ஏறும் நாளில் அவர் தனியாக இருக்கக் கூடாது. அதற்கு முன்பே மூன்று வரி எழுதி அவர் திருத்தி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்: "வேட்பாளர் இன்னாரை முன்மொழிந்திருக்கிறேன். அவருக்கு வாக்களிக்க யாரையும் கேட்கவில்லை. முடிவு வாக்காளருடையது." நான்காவது வரி சேர்ந்தால் பத்திரிகை அதைத்தான் தலைப்பாக்கும். வேட்பாளர் அன்றே தன் கையால் தொலைபேசியை எடுத்து நன்றி சொல்ல வேண்டும். உதவியாளர் பேசினால் போதாது. குழுவில் எவரும் மேயரோடு எடுத்த படத்தை முகநூலில் போடக் கூடாது. முன்மொழிவு வேறு, ஆதரவு வேறு என்று நீங்கள் சொன்னதை அந்த ஒரு படம் பொய்யாக்கிவிடும்.

பெயர் வராவிட்டால் பதறாமல் அடுத்த வெளியீடு வரை பொறுங்கள். அதிலும் இல்லையென்றால் ரசீதுத் தேதியை வைத்து மேயரே பிரெஃபெக்தூரிடம் கேட்கட்டும்.

வேட்பாளர் 500ஐ எட்டாமல் போனாலும் பட்டியல் அழியாது. 2017இல் வேட்பாளராகவே நிற்காத அலேன் ஜுப்பேக்குப் போன 313 கையெழுத்துகளும் இன்றுவரை பெயர்களோடு அங்கே இருக்கின்றன. தோற்ற வேட்பாளரின் குழு வெள்ளிக்கிழமை மாலையே கலைந்து போய்விடும். கையெழுத்துப் போட்ட மேயரோ திங்கட்கிழமை மன்றத்தில் போய் உட்கார வேண்டும். அந்தச் சனி, ஞாயிறுக்குள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லும் பொறுப்பை, வேலை தொடங்கும் முதல் நாளிலேயே இருவர் பெயரில் எழுதி வையுங்கள்.