நீஷ் நகரில் குடியேறப் போகும் மலையகத்தாருக்கு

சேர்பியாவுக்கு வேலைக்குச் செல்ல எண்ணும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் பெல்கிரேட்டை மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் கையில் நாலு காசு மிஞ்ச வேண்டும் என்றால், தலைநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவில், நீஷாவா ஆற்றங்கரையில் உள்ள நீஷ் நகரையும் எண்ணிப் பாருங்கள். நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் அது. பல்கலைக்கழகம், பெரிய அரச மருத்துவமனை, விமான நிலையம் எல்லாம் உண்டு. வீட்டு வாடகை பெல்கிரேட்டைவிட வெகுவாகக் குறைவு. மூன்று குளிர்காலங்களை அங்கே கழித்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவன் என்ற முறையில், புதிதாகப் போகிறவர்கள் தடுமாறும் இடங்களை எழுதுகிறேன்.

முதல் தடுமாற்றம் ஊரிலேயே தொடங்குகிறது. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலும் இருக்கும். சேர்பியப் படிவங்கள் பெயர், குடும்பப் பெயர் என இரண்டையும் தனித்தனியே கேட்பதால், எனக்குத் தந்தையின் பெயரில் இருந்த ஓர் எழுத்து வேறுபாடே பல வாரங்களைத் தின்றுவிட்டது. விண்ணப்பிக்கும் முன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நமக்கு விசா கட்டாயம். கொழும்பில் சேர்பியத் தூதரகம் இல்லை, புது டில்லியில் உள்ள தூதரகமே இலங்கையையும் கவனிக்கிறது. 2024 பெப்ரவரி முதல், தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் சேர்த்து ஒரே அனுமதி வழங்கப்படுகிறது. அதற்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். சேர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆகவே அந்த அனுமதியைக் காட்டி ஜேர்மனியிலோ இத்தாலியிலோ வேலை செய்யலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் புறப்படவும் வேண்டாம்.

போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தங்கும் முகவரி பொலிஸில் பதிவாக வேண்டும். அதற்குரிய தாளை அங்குள்ளவர்கள் ‘பெலி கார்ட்டோன்’, அதாவது வெள்ளை அட்டை, என்கிறார்கள். விடுதியில் தங்கினால் விடுதியே பதிந்துவிடும். வாடகை வீடென்றால் உரிமையாளர் பதிய வேண்டும். பதியத் தயங்கும் உரிமையாளரின் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் பின்னால் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் தேவைப்படும். கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று முதலாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வீடு பார்க்கும்போது வாடகையை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, வீடு எதனால் சூடாகிறது என்பதை. நுவரெலியாவில் தை மாதத்துப் பனி புல்லில் உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குளிர் பழக்கம்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம் பனி வெயில் ஏறியதும் கரைந்துவிடும். அங்கே நண்பகலிலும் உறைநிலைக்குக் கீழேயே நிற்கும் நாட்கள் உண்டு. நகர மையக் கொதிகலனிலிருந்து குழாய்வழி வெப்பம் வரும் அடுக்குமாடியில் ஒக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சூடு கிடைக்கும், கட்டணமும் கணக்குக்கு அடங்கியது. மற்ற வீடுகளில் விறகடுப்போ, ‘தா-பெச்’ எனப்படும் பெட்டியோ இருக்கும். உள்ளே செங்கல் அடுக்கிய கனத்த இரும்புப் பெட்டி அது. மின்கட்டணம் குறைவான இரவில் சூடேறி, பகல் முழுவதும் அந்த வெப்பத்தை மெல்ல விடும். இரவில் அதன் மேல் ஈரக் காலுறையைக் காயவைத்துக் காலையில் சுடச்சுடப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது தனிச் சுகம். ஆனால் மாதத்துக்கு 350 அலகு தாண்டினால் மின்சாரத்தின் விலை படிப்படியாக ஏறும் என்பதால், ஓர் அறையை மட்டும் சூடாக்கி அதிலேயே வாழப் பழகுங்கள். வாடகையை யூரோவில்தான் சொல்வார்கள். ஒரு யூரோ பல ஆண்டுகளாக 117 டினாரை ஒட்டியே நிற்கிறது.

சாப்பாட்டுக்கு ‘பியாட்ஸா’ என்னும் திறந்த சந்தைக்குப் போங்கள். செப்டம்பரில் சிவப்புக் குடமிளகாய் மூட்டை மூட்டையாக வந்து குவியும். ஊரே அதைச் சுட்டுத் தோலுரித்து ‘ஐவார்’ கிண்டும் வாசனை தெருவெல்லாம் நிற்கும். பச்சை மிளகாயும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்தால் அந்த ஐவார் நம் ரொட்டிக்கு நன்றாகவே ஒத்துப்போகும். அரிசியும் பருப்பும் கிடைக்கும். கறித்தூள், மாசி, கோரக்காய் ஆகியவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

தேயிலையையும் மறக்காதீர்கள். அங்கே ‘சாய்’ என்றால் பெரும்பாலும் புதினாவோ சீமைச்சாமந்தியோ போட்ட மூலிகைத் தண்ணீர். கேட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். நம் தேநீருக்கு ‘ருஸ்கி சாய்’, அதாவது ரஷ்யத் தேநீர், என்று பெயர். கொழுந்து பறித்த கைகளால் வளர்க்கப்பட்ட எனக்கு அந்தப் பெயர் முதல் நாள் நெஞ்சைத் தைத்தது. வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போகும்போது ஒரு பொட்டலம் டிக்கோயாத் தேயிலையைக் கொண்டுபோய், சாயம் எப்படி இறக்குவது என்று நீங்களே காட்டுங்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போவது அங்கும் வழக்கம்தான்.

சேர்பிய மொழிக்கு லத்தீன், சிரில்லிக் என இரண்டு எழுத்து முறைகள் உண்டு. எழுதியபடியே வாசிக்கலாம் என்பதால் சிரில்லிக் எழுத்தும் இரண்டு வாரத்தில் பிடிபடும். பொலிஸுக்கு 192, தீயணைப்புக்கு 193, அம்புலன்ஸுக்கு 194.

கொழுந்து நிறுத்து முடித்து அம்மா லயத்துக்கு வந்து சேரும் மாலை 5.30 மணி, குளிர்காலத்தில் நீஷில் பகல் 1 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை 2 மணி. அம்மாவோடு தொலைபேசியில் பேச, வேலையில் சேரும்போதே மதிய இடைவேளையை அந்த நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.